தேங்காய் ஒதுங்கிய கரை

என் வயதுப் பெண்களுக்கு வாய்க்கால் என்றதும் துவைக்கிற கல்லும், ஈரப் பாவாடையும், மாடு கழுவுகிற வாடையும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது வேறு. ஓடுகிற தண்ணீரில் ஒரு உருண்டைச் சாமானைப் பிடித்தால் அதன் பின்னால் தண்ணீர் வால் மாதிரி நீளுமே, அது. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் குறுக்கே கேட்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நிலக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி. மல்லிகையும் தென்னையும்தான் வெள்ளாமை. கிழக்கே சிறுமலை நீலமாகக் கிடக்கும். வாய்க்காலில் வருஷத்துக்கு ஐந்தாறு மாதம் தண்ணீர் வரும். நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் கரை தொட்டு வந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று குடும்பம், ஒரே முற்றம். பெரியப்பாவும் பெரியம்மாவும், அப்பாவும் அம்மாவும், சித்தப்பாவும் சித்தியும். சித்திக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. என் தம்பிக்கு மூன்று வயது. சித்தி அவனை இடுப்பை விட்டு இறக்க மாட்டாள். அவன் அம்மாவிடம் தூங்கின நாளைவிட அவளிடம் தூங்கின நாள் அதிகம். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. விடிகாலையில் பூப் பறிக்கப் போக வேண்டியவள் என்பதால் ஆறுதலும் உண்டு.

எனக்கு ஒரு சிவப்பு ரப்பர் பந்து இருந்தது. அப்பா பழனிக்கு நடந்து போனபோது வாங்கி வந்தது. அதை வாய்க்காலில் விட்டு விளையாடி ஒரு நாள் தொலைத்துவிட்டேன். காற்றடித்துப் போய்விட்டது. நான் அழுததைப் பார்த்து சித்தி ஒரு நெற்றுத் தேங்காயை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே வற்றிப் போய், ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடும். சட்னிக்கு ஆகாது.

"இது காத்துக்குப் பறக்காது, இந்தா. இதையும் தொலச்சுட்டு வந்தேன்னா அடுத்தது உங்க பெரியம்மா தலையத்தான் உருட்டணும்" என்றாள்.

நார் உரித்து உச்சியில் மட்டும் குடுமி விட்ட தேங்காய். அந்தக் குடுமியைப் பிடித்தால் கைக்கு அடக்கமாக இருக்கும்.

வாய்க்காலில் ஒரு இடத்தில் நட்ட நடுவில் ஒரு கல் நின்றது. எப்போதோ இடிந்த மதகின் கல். நாங்கள் நடுக்கல் என்போம். அதில் மோதித் தண்ணீர் இரண்டாகப் பிரியும். மேலே பத்தடி தள்ளி நின்று தேங்காயை விட்டால், அது கல்லுக்கு இடப்பக்கம் போகும், இல்லை வலப்பக்கம் போகும். எந்தப் பக்கம் என்று பெண் பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம். தோற்றவள் ஜெயித்தவளின் துணியைப் பிழிய வேண்டும். அந்த வருஷம் என் துணியை நான் பிழிந்ததே இல்லை.

காரணம் இதுதான். பாவாடை நாடாவைக் குடுமியில் கட்டி, தேங்காயை ஓட்டத்தில் விட்டுப் பிடித்துக்கொண்டு நாள் கணக்காகப் பார்த்திருக்கிறேன். சும்மா பிடித்தால் அதன் பின்னால் வால் நீண்டு, நாய் வாலைப் போல இங்கேயும் அங்கேயும் ஆடும். ஒரு சுழி இந்தப் பக்கம் கழன்று போகும், அடுத்தது அந்தப் பக்கம். நாடாவை முறுக்கி விட்டால் தேங்காய் சுற்றும். சுற்ற ஆரம்பித்ததும் வாலின் ஆட்டம் அடங்கிவிடும். வால் ஒடுங்கி ஒரு பக்கமாகச் சாயும். வால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நாடா இழுக்கும். தேங்காயின் எந்தப் பக்கம் தண்ணீரோடு கூட ஓடுகிறதோ அந்தப் பக்கமே அது போகப் பார்க்கும். இன்றைக்குச் சொன்னால், தண்ணீர் போகிற திக்கைப் பார்த்து நின்று, குழாயைத் திறக்கிற மாதிரி திருகி விட்டால் வலக்கரை. மூடுகிற மாதிரி திருகினால் இடக்கரை. விட்ட பிறகு கொஞ்ச தூரம்தான் அந்த இழுப்பு இருக்கும். தேங்காய் தண்ணீரின் வேகத்தைப் பிடித்ததும் இழுப்புப் போய்விடும். ஆனால் நடுக்கல்லுக்கு எந்தப் பக்கம் என்று முடிவாக அந்தக் கொஞ்சம் போதும்.

அந்த நடுக்கல் விளையாட்டுக்கு மட்டும் இருந்த கல் இல்லை. ஊரில் ஒருவர் சொல்லுக்கு ஒருவர் சொல் மாறாக இருந்து, சாட்சியும் இல்லாமல் போனால், அங்கே தேங்காய் விடுவார்கள். வழக்குக்காரர் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கரையில் நிற்க வேண்டும். தேங்காய் யார் பக்கம் போகிறதோ அவர் சொன்னது நிஜம். தண்ணீரில் இருக்கிற ஆத்தா சொல்கிறாள் என்று அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். தேங்காய் விடுகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. மூத்த ஆண் விட வேண்டும். அப்போது அது பெரியப்பா.

ஒரு சாயங்காலம் பெரியப்பா கரையில் நின்று நாங்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இங்கிட்டு வா. அதெப்படி நீ சொன்ன பக்கம் மட்டும் போகுது?"

நான் காலால் மண்ணைக் கிளறினேன்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? சொல்லு தாயி."

என்னிடம் அதுவரை எந்தப் பெரியவரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. தண்ணீரில் இறங்கிக் காட்டினேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் கயிறு முறுக்குகிற மாதிரி முரட்டுத்தனமாகத் திருகினார். தேங்காய் குப்புறக் கவிழ்ந்தது.

"அப்படி இல்ல பெரியப்பா. குடுமி நேரா நிக்கணும். விடும்போது விரல மட்டும் திருப்பணும்."

"பார்றா, எனக்கே பாடம் எடுக்குது!" என்று சிரித்தார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அவருக்கு வந்துவிட்டது. வலக்கரை என்று சொல்லி விட்டார், வலக்கரை போனது. இடக்கரை என்றார், இடக்கரை போனது. பிறகு சிரிப்பு நின்று, செத்த நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத வேற யாருக்கும் காட்டிருக்கியா?"

"இல்ல பெரியப்பா."

"காட்டாத."

எனக்கும் அவருக்கும் மட்டும் ஒரு ரகசியம் இருக்கிறது என்று அன்றைக்கு வீடு வரை குதித்துக்கொண்டே வந்தேன். ஆத்தா தேங்காயை இதோடு சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. விளையாட்டுத் தேங்காய் வேறு, மஞ்சள் பூசிக் கும்பிட்டு விடுகிற தேங்காய் வேறு என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில் தம்பி போய்விட்டான்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆள் வந்து வாத்தியார் காதில் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்தபோது அவனை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். கீழ் மதகில் மாடு கழுவினவர் எடுத்து வந்தாராம். அரைஞாணில் பாசி சுற்றியிருந்தது. அம்மா அதை ஒவ்வொரு இழையாக எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. எடுத்து முடித்த பிறகுதான் அழுதாள்.

எட்டாம் நாள் பேச்சு ஆரம்பித்தது. சித்திதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவள். அவள் சொன்னது ஒன்றே ஒன்று, திரும்பத் திரும்ப.

"மூத்தவுக கையிலதான் குடுத்தேன். 'போய் மோர் கொண்டா, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்'னு சொன்னாக. தென்னை மரத்தடியில உக்காந்திருந்தாக. மோர்ப் பானையோட வந்து பாத்தா ரெண்டு பேரையும் காணோம்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் அன்னைக்கு மேட்டு வரப்புல இருந்தேன். மரத்தடிக்கு வரவே இல்ல. இவ வாய்க்கால்ல துவைக்கிற கல்லுல உக்கார வச்சுட்டு எங்கிட்டோ போயிருக்கா."

பெரியம்மா கதவு ஓரத்திலிருந்து, "தன் வயித்துலயும் ஒண்ணு தங்கல, அடுத்தவ பிள்ளையயும் தண்ணிக்குக் குடுத்துட்டா. இப்ப இவர மாட்டி விடப் பாக்குறா" என்றாள்.

சித்தி என் அம்மாவைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. அவன நான் கல்லுல வச்சுட்டுப் போவேனா?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, "எல்லாரும் செத்த நேரம் சும்மா இருங்க" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

தேங்காய் விடச் சொல்லிக் கேட்டவள் சித்திதான். அதை என்னால் இன்று வரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. "ஆத்தா சொல்லட்டும். தேங்கா விடுங்க. அவ சொன்னா ஊரு நம்பும்ல?" என்றாள்.

ஊர்க் கூட்டத்தில் ஒரே ஒருவர், காது மந்தமான ஒரு பெரியவர், ஒரு கேள்வி கேட்டார். "அது சரிப்பா, விடுறவரும் இவரு, வழக்குல நிக்கிறவரும் இவரு. இது எப்படி?"

எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "பெருசு, கை விடத்தான் விடுது. கொண்டு போறது ஆத்தா. யாரு விட்டா என்ன?"

சித்தியும் அதையேதான் சொன்னாள். "அவுகளே விடட்டும். எனக்கு ஒண்ணுமில்ல."

வெள்ளிக்கிழமை காலை. வெயில் ஏறியிருந்தது. ஊர்ச் சனம் இரண்டு கரையிலும் நின்றது. சித்தி தலை குளித்து, ஈர முடியைக் கட்டாமல், இடக்கரையில் ஒற்றையாய் நின்றாள். பெரியப்பா தண்ணீருக்குள் நிற்க வேண்டியவர் என்பதால், அவர் சார்பாக அவருடைய துண்டை வலக்கரையில் விரித்து, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்தார்கள். நான் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பெரியப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். மஞ்சள் பூசிய தேங்காயைக் குடுமியைப் பிடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன்.

குழாய் திறக்கிற மாதிரி.

தேங்காய் குடுமி சாயாமல் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. அதன் பின்னால் மஞ்சள் கரைந்து வால் தெரிந்தது. வால் ஆடவில்லை. ஒடுங்கி, சித்தி நின்ற பக்கமாகச் சாய்ந்தது. வாலைப் பார்த்தவர்கள் அவள் பக்கம் வருகிறது என்றுகூட நினைத்திருக்கலாம். தேங்காய் நடுக்கல்லுக்கு வலப்பக்கம் போனது. துண்டு கிடந்த கரையில் புல்லில் முட்டி நின்றது.

குலவைச் சத்தம் கேட்டது. சித்தி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. தேங்காயைப் பார்த்தபடி, தப்பாகக் கூட்டிய கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவளைப் போல நின்றாள். பெரியப்பா கரையேறித் துண்டை எடுத்தார். அப்போது என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவுதான். மிரட்டவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. எனக்கு வாய் வராது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மதியமே சித்தியை அனுப்பிவிட்டார்கள். அம்மா அவளுடைய தட்டையும் சொம்பையும் வாசலில் எறிந்தாள். சித்தப்பா கொடைரோடு வரை கூட்டிக்கொண்டு போய், அவள் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். போகும்போது சித்தி என் தலையைத் தொட வந்து, பெரியம்மா போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து அம்மாவிடம் சொன்னேன். அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெரியப்பா தேங்காயத் திருகி விட்டாரும்மா. திருகுனா அந்தப் பக்கந்தான் போகும். நாந்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன்."

அம்மா அகப்பையாலேயே அடித்தாள். "ஆத்தா சொன்னத ஒரு ஆளு கையால திருக முடியுமாடி? பெத்த பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறேன், வெளையாட்டுப் பேச்சா பேசுற?" என்று அடித்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவளுக்கு யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தால்தான் மூச்சு விட முடியும் என்று இப்போது புரிகிறது. அந்த ஒருவர் தினமும் பார்க்க வேண்டிய மூத்தவராக இருந்தால் அவள் எங்கே போவாள்?

அந்த வாரம் பெரியப்பா நிலக்கோட்டைச் சந்தைக்குப் போய் வந்து என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். கருப்பட்டி மிட்டாய். நான் தின்றேன். நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டி வைத்தார்கள். பெரியப்பா இன்னும் இரண்டு வழக்குகளுக்குத் தேங்காய் விட்டார். ஊரில் அவர் மரியாதை குறையவில்லை. அவர் இறந்தபோது வாய்க்கால் கரை நெடுகச் சனம் நடந்து வந்தது. பின்னால் வாய்க்காலுக்கு சிமெண்டு பூசினபோது நடுக்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது திண்டுக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறவள். போன மாதம் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டத்தின் நடுவில் ஒரு பந்து. பின்னால் கலர் கலராக வால், இங்கேயும் அங்கேயும் ஆடிக்கொண்டு. காபி கொடுக்கப் போன நான் நின்றுவிட்டேன்.

"இப்ப பந்தைச் சுத்த விடப் போறேன் அத்தை. என்ன ஆகும் சொல்லுங்க பாப்போம்" என்றாள் விளையாட்டாக.

"ஆட்டம் நிக்கும். வாலு ஒரு பக்கமாச் சாயும். பந்து எதிர்ப்பக்கம் போகும்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அத்தை, இதுக்கு எங்க பசங்க மூணு நாள் முழிப்பாங்க! யார் சொன்னாங்க உங்களுக்கு?"

சுற்றுகிற பந்து ஒரு பக்கத்துத் தண்ணீரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது, மறுபக்கத்துத் தண்ணீரை எதிர்த்துத் தடுக்கிறது, அதனால்தான் வால் சாய்கிறது என்று விளக்கினாள். காற்றிலும் அப்படித்தானாம். எந்த ஊர்த் தண்ணீரானாலும், யார் விட்டாலும், அப்படித்தானாம். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். யார் விட்டாலும் என்று அவள் சொன்னது எனக்கு வேறு மாதிரி கேட்டது.

சித்தியை நான் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். இந்த மகனுக்கு மூன்று வயதில் முடியிறக்கப் பழனிக்குப் போயிருந்தபோது. அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் செய்கிற ஒரு கடையின் பின்கட்டில் நாலைந்து பெண்கள் மலைவாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். முடி நரைத்திருந்தது. கண் அதே கண்.

"சித்தி."

அவளுக்கு என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் எழுந்து வந்தாள். விரலெல்லாம் வாழைக்கறை, கறுத்துப் போயிருந்தது. ஊரில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லாமல் முறை சொல்லிக் கேட்டாள். அம்மாவைக் கேட்டாள். பெரியப்பா போய்விட்டார் என்றதும், "நல்ல மனுசன்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் கழித்து வாய் வந்தது. ஒரே மூச்சில் சொன்னேன். விளையாட்டை, அவர் கேட்டதை, நான் காட்டினதை, அந்த விரலை, சாய்ந்த வாலை. அவள் பழத்தோலைக் காலால் ஒதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அவர் வேலை சித்தி. ஆத்தா ஒண்ணும் சொல்லல. உங்க மேல தப்பு இல்ல."

"மொத வருசம் எனக்கும் அவுக கையில குடுத்த மாதிரிதான் நெனப்பு" என்றாள் மெதுவாக. "ஆத்தா அப்படிச் சொல்லிட்டாளேன்னு தினமும் நெனச்சு நெனச்சுப் பாப்பேன். அப்புறம் கல்லுல உக்கார வச்சுட்டு வந்த மாதிரி ஒரு நெனப்பு வர ஆரம்பிச்சுது. இப்பக் கண்ண மூடினா அது மட்டுந்தான் தெரியுது. கல்லு ஈரமா இருக்கு. அவன் என்னையப் பாத்துச் சிரிக்கிறான். நான் திரும்பிப் போறேன்."

"அப்படி நடக்கவே இல்ல சித்தி!"

"நீ பாத்தியா? அவுக கையில நான் குடுத்தத, உன் கண்ணால பாத்தியா?"

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பேச வேண்டிய இடத்தில் பேசாத எனக்கு, பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பொய்யும் வரவில்லை.

"பாக்கல சித்தி."

"அப்பச் சும்மா இரு தாயி" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

என் மகன் என் தோளிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. அவள் பார்வை அவன் மேல் போய் நின்றது. யாரிடமும் போகாதவன், அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான்.

"தூக்குங்க சித்தி" என்றேன்.

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். பிறகு நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்க் கோத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நீயே கெட்டியாப் பிடிச்சுக்க" என்றாள்.